ஒரு கல்லுக்கு ஒரு கையெழுத்து

ஜனவரி 6, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. நான் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிய பிறகுதான் வந்தது. தண்ணீர் திறந்துவிடும் மகராசனுக்கு என் மேல் என்ன கோபமோ. மறுபடி கதவைத் திறந்து நான்கு குடம் பிடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே கால்.

மேஜையில் பதிவுத் தபால். மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். பொட்டல்கரை ஊர்ப் பொது மருத்துவமனையின் உரிமம் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறதாம். தீப்பிடித்தால் நோயாளிகளை இறக்கத் தனிப் படிக்கட்டு, நிரந்தர மயக்க மருந்து டாக்டர், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஆக்ஸிஜன் குழாய், இந்த மூன்றும் இல்லையென்றால் புதுப்பிக்க மாட்டார்களாம். எங்களிடம் மூன்றும் இல்லை. நான்காவதாக ஒன்று கேட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

இருபத்தெட்டு வருஷமாக இந்த அலுவலகத்தில் மேனேஜராக உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு கடிதத்தைப் படித்ததில்லை. ஹெட் நர்ஸ் மெர்லினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"போன மாசம் மட்டும் முப்பத்தொரு பிரசவம் மொழியக்கா. தென்காசிக்கு ஒண்ணர மணி நேரம். கடைசி வலியில வாறவளுவ பஸ்ஸுலயா பெத்துக்கிடுவாளுவ?"

கடிதத்துக்கு வரிசை எண் போட்டுக் கோப்பில் வைத்தேன். என் கை அதைத்தான் செய்யும்.

ஜனவரி 10, வெள்ளி

செயலாளர் ஆவுடையப்பன் அண்ணாச்சி மதுரைக்குப் போய்விட்டு வந்தார். இரும்புக் கடை நடத்துகிற மனிதர். ஆணி விற்கும்போதுகூட இவ்வளவு உற்சாகமாகப் பார்த்ததில்லை. தண்ணிழல் அறக்கட்டளை ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டதாம். படிக்கட்டு, குழாய், டாக்டர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிரசவ வார்டை மூடக் கூடாது என்ற நிபந்தனைக்கும் தலையாட்டிவிட்டார்கள்.

ஆனால் பெயர் மாறுவதற்கு மூன்று படி ஏற வேண்டும். ஆஸ்பத்திரியை நடத்தும் எங்கள் சங்கத்தின் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் சம்மதித்துத் தீர்மானம் போட வேண்டும். ஊருக்குப் பொதுவாகக் கொடுத்த சொத்து என்பதால் மாவட்ட நீதிபதி அனுமதி தர வேண்டும். அதை வைத்துப் புதியவர்கள் பெயரில் உரிமம் வாங்க வேண்டும். எல்லாம் மார்ச் 31-க்குள்.

மதுரையிலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள், "உங்க சங்கத்துல மெம்பர்ஷிப் எப்படி மேடம்?" கல் கணக்கு என்றேன். அவளுக்குப் புரியவில்லை. 1962-இல் இந்தக் கட்டிடத்துக்கு ஒரு வண்டிக் கல் கொண்டுவந்து இறக்கியவர் ஒவ்வொருவரும் உறுப்பினர். பிறகு 1999-இல் பிரசவ வார்டு கட்டியபோது லாரிக் கல் இறக்கியவர்களும் சேர்ந்தார்கள். ஒரு கல்லுக்கு ஒரு கையெழுத்து. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கல். எங்கள் ஊரில் பெண் கொடுக்கும்போதுகூட, "ஆஸ்பத்திரியில கல்லு உண்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவள் சிரித்தாள். சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் முடிந்த கையோடு கூட்டம் போட்டோம். மெர்லின் கொண்டைக்கடலைச் சுண்டல் ஏற்பாடு செய்திருந்தாள். கல் பதிவேட்டில் நூற்று எண்பத்தெட்டு கையெழுத்து விழுந்தது. நூற்றைம்பத்தொன்பது இருந்தாலே போதும். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "மொழி, நீ மட்டும் இல்லன்னா இந்த ஊரு நாறிப் போயிருக்கும்" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக் கல்லுக்கும் போட்டாயிற்று. என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. எப்போதும்போல் நான்தான் போட்டேன்.

ஜனவரி 22, புதன்

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வக்கீல் தேவசகாயம் சார் அலுவலகத்துக்குப் போனேன். பெருமையாகத்தான் போனேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் முதல் பக்கத்தைப் புரட்டினார். அங்கேயே நின்றுவிட்டார்.

"முதல் பேரு கோயில்பிச்சை. 1962ல வயசு அம்பத்தெட்டுன்னு இருக்கு. இப்ப நூத்தி இருபத்தொண்ணு. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு நடந்தா வந்தாரு?"

"அவரு எழுபத்தொம்பதுலயே காலமாயிட்டாரு சார்."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"அவரு பேரன் போட்டது."

"பேரன் பேரு என்ன?"

"அவனும் கோயில்பிச்சைதான் சார்."

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். இந்தப் பதிவேட்டில் எத்தனை பேர் செத்தவர்கள் என்று கேட்டார். எண்ணிப் பார்த்ததில்லை என்றேன். உண்மை அதுதான். எங்கள் சங்கத்தில் ஆள் போனாலும் பெயரை அடிப்பதில்லை. பெயரை அடித்தால் அவர் இறக்கிய கல்லைச் சுவரிலிருந்து உருவின மாதிரி என்று முதல் செயலாளர் சொல்லிவிட்டுப் போனார். அதனால் வீட்டிலிருந்து யாராவது வந்து, தன் பெயரைப் போடாமல், கல்காரரின் பெயரையே கையெழுத்தாகப் போட்டுவிட்டுச் சுண்டல் சாப்பிட்டுப் போவார்கள். அறுபது வருஷமாக இப்படித்தான். யாருக்கும் தப்பாகத் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

"அம்மா, இத கோர்ட்ல குடுத்தா தீர்மானம் செல்லாது. போதாக்குறைக்கு நம்ம எல்லாரையும் உள்ள தூக்கி வைப்பாங்க" என்றார் தேவசகாயம் சார்.

பஸ்ஸில் வரும்போது பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். செத்தவர்களோடு இத்தனை வருஷம் கூட்டம் நடத்தியிருக்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

வழி இருக்கிறதாம். இறந்தவர்கள், இருப்பவர்கள் என இரண்டு பட்டியல் எழுத வேண்டும். இறந்தவர் பட்டியலைப் பத்திரிகையில் போட்டு, பதினைந்து நாளுக்குள் ஆட்சேபணை இருந்தால் சொல்லச் சொல்ல வேண்டும். வாரிசுகள் தங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டுப் புதிய தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பழைய கையெழுத்துகள் எங்கள் வழக்கம் என்று கோர்ட்டிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வீடு வீடாகப் போகிறேன். பேச்சியம்மாள் என்ற பெண், தன் அப்பா பெயருக்கு நேரே நான் பச்சை மையால் 'காலமானார்' என்று எழுதப் போனபோது பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "எங்க ஐயாவ நீ சாவடிக்காத மதினி. நானே எழுதுதேன்." எழுதிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அப்பா இறந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

பிப்ரவரி 1, சனி

இறந்தவர் எண்பத்து மூன்று. இருப்பவர் நூற்று இருபத்தெட்டு. கூட்டினால் இருநூற்றுப் பதினொன்று.

வக்கீலிடம் போனில் படித்துக் காட்டினேன். அவருக்கும் கூட்டத் தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன்.

"ஒண்ணு குறையுதே."

"எங்க வீட்டுக் கல்லு சார். வெயிலுமுத்துன்னு பேரு. என் வீட்டுக்காரர். பிரசவ வார்டுக்கு லாரில கல்லு கொண்டாந்தவரு."

"இருக்காரா?"

"ஊரைவிட்டுப் போயிப் பதினாறு வருசம் ஆகுது."

"நான் கேட்டது அது இல்லம்மா. இருக்காரா, இல்லையா?"

எங்கே இருக்கிறாரோ, யாருக்குத் தெரியும். அதைத்தான் சொன்னேன். ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கருதச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அதற்குத் தனி வழக்குப் போட இப்போது நேரமில்லை என்றார். "ரெண்டு பட்டியல்ல ஒண்ணுல எழுதுங்க. மூணாவது பட்டியல் கோர்ட்ல கிடையாது."

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு எழுதினேன். இறந்தவர் எண்பத்து நான்கு. கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 3, திங்கள்

விளம்பர வாசகத்தை அனுப்பியாயிற்று. வக்கீல் நெல்லைப் பதிப்பு போதும் என்றார். திருப்பூர்ப் பதிப்பிலும் சேர்த்துப் போடச் சொன்னேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். ஒரு பாதுகாப்புக்குத்தான்.

பிப்ரவரி 5, புதன்

பத்திரிகையில் வந்துவிட்டது. எண்பத்து நான்காவது பெயர்: வெயிலுமுத்து.

பூக்காரி புஷ்பம் தினமும் ஏழு மணிக்கு என் வாசலில் கூடையை இறக்குவாள். இன்று தெருமுனையில் அவள் குரல் கேட்டது. அடுத்த வீட்டில் நின்றாள். பிறகு என் வாசலைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. கண்ணாடியில் என் நெற்றியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

ஒரு சங்கப் பட்டியலில் ஒரு வரி எழுதினேன். வாரிசுப் படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் மனைவி என்று எழுதினேன். அதன் அர்த்தம் நான் தாலியறுத்தவள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பத்து மணிக்குள் ஆறு பேர் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். "எப்பம் நடந்துது? ஒரு வார்த்த சொல்லலியே" என்று எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்து அழுதாள். எப்போது நடந்தது என்று எனக்கே தெரியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

பொட்டை அழிக்கவில்லை. ஆபீஸ் வேலைக்காகச் செத்தவருக்கு எதற்கு.

பிப்ரவரி 16, ஞாயிறு

புதிய கூட்டம். வாரிசுகள் அவரவர் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டார்கள். கோயில்பிச்சையின் பேரன் கோயில்பிச்சை இந்த முறை பெயருக்குப் பின்னால் 'பேரன்' என்று எழுதினான். நூற்றுத் தொண்ணூற்று மூன்று சம்மதம். வெயிலுமுத்துவின் வாரிசு என்று நானும் போட்டேன். என் பெயரையே நான் கையெழுத்தாகப் போடுவது அந்தப் பதிவேட்டில் இதுதான் முதல் தடவை. குழல்வாய்மொழி என்று முழுதாக எழுதினேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

பதினான்காம் நாள். பதினொன்றரை மணிக்குத் தபால்காரர் வந்தார். பதிவுத் தபால். திருப்பூர் முத்திரை.

'ஐயா, பத்திரிகையில் இறந்தவர் பட்டியலில் 84-ஆவதாக என் பெயர் வந்துள்ளது. நான் உயிரோடு இருக்கிறேன். என்னைக் கேட்காமல் ஆஸ்பத்திரியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இப்படிக்கு, வெ.முத்து.'

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. மெர்லின் ஓடிவந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். "அக்கா, என்னாச்சு? யாரு செத்தா?"

"யாரும் சாகலட்டி" என்றேன். "இருக்காராம்."

பிப்ரவரி 21, வெள்ளி

வக்கீல் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜை மேல் வைத்தார். பிறகு கேட்டார்: "திருப்பூர்ப் பதிப்புல எதுக்குப் போட்டீங்க?"

ஒரு பாதுகாப்புக்கு என்றேன். அவர் என்னையே பார்த்தார். நான் காற்றாடியைப் பார்த்தேன்.

வெயிலுமுத்துவின் ஓட்டு ஒன்று குறைந்தால் ஒன்றுமில்லையாம். சிக்கல் வேறு. பழைய பதிவேட்டில் பதினாறு ஆண்டுக் கூட்டங்களிலும் வெயிலுமுத்து என்று கையெழுத்து இருக்கிறது. அத்தனையும் நான் போட்டது.

"செத்தவங்க பேர்ல குடும்பத்துல ஒருத்தர் போட்டா வழக்கம்னு சொல்லிப் பார்க்கலாம். உயிரோட இருக்கிறவர் பேர்ல போட்டா அது கள்ளக் கையெழுத்து. இந்தப் பதிவேடு சரின்னு சான்று குடுத்திருக்கிறதும் நீங்கதான். அதுல ஒண்ணு பொய்னு ஆச்சுன்னா மொத்தப் பதிவேடும் பொய். நீதிபதி விசாரணைக்கு உத்தரவு போடுவாரு. அது முடிய ஒரு வருஷம் ஆகும்."

மார்ச் 31-ஐப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் மேல் வழக்கு வருமா என்று கேட்டேன். அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

இத்தனை வருஷம் யாருக்கும் ஒரு எழுத்துக்கூடத் தவறாக எழுதிக் கொடுத்ததில்லை நான். இந்த ஆஸ்பத்திரி மூடப்பட்டால் அது என் கையெழுத்தால்தான் மூடப்படும்.

பிப்ரவரி 24, திங்கள்

தண்ணீர் வந்தது. பிடிக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

இதை எங்கேயும் எழுதி வைத்ததில்லை. இந்த டைரியின் அடியில் இருமல் மருந்து விளம்பரம் இருக்கிறது. அதற்கு மேல் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்.

லாரியை விற்ற பிறகு அவருக்கு இங்கே வேலை இல்லை. திருப்பூருக்குப் போய்விடலாம் என்றார். என்னால் வர முடியாது, ஆஸ்பத்திரியில் ஆய்வு இருக்கிறது என்றேன். அடுத்த மாதமும் கேட்டார். ஆண்டறிக்கை என்றேன். மூன்றாவது தடவை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவாமல் கேட்டார்: "ஒனக்கு நானா, ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரி" என்றேன்.

கோபத்தில் சொன்னேன் என்று ஊரில் யாராவது கேட்டால் சொல்லலாம். கோபமெல்லாம் இல்லை. நிதானமாகத்தான் சொன்னேன். அவர் தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஆடியில் ஆண்டுக் கூட்டம் வந்தது. அவர் வரிசையில் கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் போட்டேன். அடுத்த வருஷமும் போட்டேன். சுண்டலும் அவர் பங்குக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

இப்போது அவருக்கு ஆஸ்பத்திரியின் கழுத்தைப் பிடிக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. வழியைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான்.

மார்ச் 7, வெள்ளி

காலை பத்து மணிக்கு ஆட்டோவில் ஒரு பெண். குழந்தையின் கால் வெளியே வந்துவிட்டது. மெர்லினும் டாக்டரம்மாவும் உள்ளே போனார்கள். நாற்பது நிமிஷம். அவள் மாமியார் என் அலுவலக வாசலில் தரையில் உட்கார்ந்து கதவின் கீழ்ச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

தென்காசிக்கு ஒன்றரை மணி நேரம்.

மார்ச் 12, புதன்

கோர்ட்டிலிருந்து அவருக்கு நோட்டீஸ் போய்விட்டது. 18-ஆம் தேதி நேரில் வர வேண்டும். அண்ணாச்சி, "நான் வேணா திருப்பூர் போயிப் பேசிட்டு வரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். என்ன பேசுவார்? ஆணி விலையா?

மார்ச் 18, செவ்வாய்

முழுக்க எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் நானே நம்ப மாட்டேன்.

கோர்ட் வளாகத்துக்கு அண்ணாச்சி, மெர்லின், கல் குடும்பங்களிலிருந்து இருபது பேர் வேன் பிடித்து வந்திருந்தோம். அவர் தனியாக வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாத இஸ்திரி. யார் தேய்த்துக் கொடுக்கிறார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் தோன்றியது.

எங்கள் மனுவைக் கூப்பிட்டார்கள். நீதிபதி முதலில் என்னைத்தான் கேட்டார்.

"இவர் உங்க கணவரா?"

"ஆமாய்யா."

"உயிரோட இருக்கிறவரை இறந்தவர் பட்டியல்ல எழுதினது யாரு?"

"நான்தான்யா."

"ஏன்?"

தேவசகாயம் சார் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அது எங்கேயோ போய்விட்டது. "எழுத்துப் பிழைய்யா" என்றேன்.

"ஒரு எழுத்து மாறினா எழுத்துப் பிழை. ஒரு ஆளையே சாகடிச்சா அதுக்குப் பேரு என்னம்மா?"

யாரும் சிரிக்கவில்லை. அரசு வக்கீல் எழுந்தார். ஆட்சேபணைக்காரர் பதினாறு வருஷமாகத் திருப்பூரில் இருக்கிறார், ஆனால் ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது, பதிவேட்டுக்குச் சான்று கொடுத்தவர் அவர் மனைவி, இதை நம்புவதா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நான் அவர் இடத்தில் இருந்தாலும் கேட்டிருப்பேன்.

பதிவேட்டை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தார்கள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு ஆடியாகப் புரட்டினார். நான் போட்ட வெயிலுமுத்துகள் எல்லாம் அவர் கண் முன்னால் ஓடின. கடைசி எழுத்தின் கீழே ஒரு கொக்கி இழுத்து முடிப்பது என் பழக்கம், என் பெயர் எழுதும்போதும் அப்படித்தான். அவர் ஒருநாளும் கொக்கி போட்டவர் இல்லை. வருஷா வருஷம் அந்தக் கொக்கி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போயிருந்தது. எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

"இது உங்க கையெழுத்தா?" என்றார் நீதிபதி.

அவர் நிமிரவில்லை. கடைசிப் பக்கத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே, "ஒரு தாள் குடுங்கய்யா" என்றார்.

மெதுவாக எழுதினார். முழுப் பெயர். எழுதி முடித்து, பதிவேட்டை ஒரு தடவை பார்த்து, கீழே கொக்கியை இழுத்தார்.

என் கையெழுத்தைப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டார். மெர்லின் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னோடதுதான்யா. சோலி அங்கன. ஆடிக்கு ஆடி ஊருக்கு வந்து போட்டுட்டுப் போவேன். கடிதாசியில அவசரத்துல சுருக்கிப் போட்டுட்டேன்."

நீதிபதி இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு செயலாளர் யார் என்று கேட்டார். அண்ணாச்சி எழுந்தார். கடையில் துருப்பிடித்த ஆணியைக்கூட நல்லது என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

"இவர் வருஷா வருஷம் கூட்டத்துக்கு வருவாரா?"

அண்ணாச்சி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வருவாருய்யா" என்றார். "சுண்டல ரெண்டாவது தடவையும் வாங்கித் திம்பாரு."

பின்னால் உட்கார்ந்திருந்த இருபது பேருக்கும் அது பொய் என்று தெரியும். ஒரு ஆள் இருமவில்லை. பேச்சியம்மாள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சரி, உங்க ஆட்சேபணை என்ன?"

"செத்தவங்க பட்டியல்ல இருந்து எம் பேர எடுத்தாப் போதும்யா."

"ஆஸ்பத்திரியை ஒப்படைக்கிறதுல?"

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக.

"ஒண்ணும் இல்லய்யா. ஆஸ்பத்திரியே இருக்கட்டும்."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

வேன் கிளம்பும்போது நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பஸ் நிலையத்தில் அவருக்குப் பக்கத்தில், ஆனால் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, உட்கார்ந்தேன். என் பார்வை சட்டை மேல் போனதைக் கவனித்திருக்க வேண்டும்.

"நானே தேச்சதுதான். கம்பெனியில எனக்கு அயர்ன் மாஸ்டர் வேல."

"நான் கேக்கலியே."

"கேக்கல. பார்த்தேல்லா."

பிறகு, "அந்தக் கொக்கி எதுக்குட்டி? எம் பேருல அது கிடையாதே" என்றார்.

"பின்ன நீங்க எதுக்கு அதப் பார்த்துப் போட்டீய?"

திருப்பூர் பஸ் வந்தது. எழுந்து பையை எடுத்துக்கொண்டார். படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"திருப்பூர்ப் பேப்பர்ல எதுக்குப் போட்ட?"

"எழுத்துப் பிழை" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பதினாறு வருஷத்தில் கொஞ்சமும் மாறவில்லை, ஒரு பக்கம்தான் வாய் கோணும். பஸ் போய்விட்டது. நான் அழுதேன் என்று எழுதத் தேவையில்லை.

மார்ச் 19, புதன்

புஷ்பம் வாசலில் கூடையை இறக்கினாள். "அக்கா, அண்ணன் இருக்காகளாமே!"

"இருக்காக."

இரண்டு முழம் கேட்டேன். அவள் மூன்று முழம் அளந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 27, வியாழன்

உத்தரவு நகல் வந்தது. பதினோரு பக்கம். ஒப்படைக்க அனுமதி, பிரசவ வார்டு தொடர வேண்டும், கல் உறுப்பினர்களின் சங்கமும் ஆண்டுக் கூட்டமும் பதிவேடும் முன்போலவே இருக்க வேண்டும். அண்ணாச்சி தண்ணிழல்காரர்களுக்குப் போன் போட்டுச் சத்தமாகப் பேசினார். மெர்லின் வார்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள்.

நான் ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

'மேற்படி வெயிலுமுத்து என்பவர் கடந்த பதினாறு ஆண்டுகளிலும் ஒரு கூட்டம்கூடத் தவறாமல் நேரில் கலந்துகொண்டிருப்பது பதிவேட்டாலும் சாட்சியத்தாலும் ஐயமற நிரூபணமாகிறது.'

மூன்று தடவை படித்தேன். கோர்ட் முத்திரை அந்த வரிக்கு நேர் மேலே விழுந்திருக்கிறது. அரசாங்கக் கணக்கில் அவர் என்னை விட்டுப் போகவே இல்லை. அன்று நான் 'ஆஸ்பத்திரி' என்று சொன்னதும் நடக்கவில்லை. இதை யாரிடம் காட்டி என்ன சொல்வேன் என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லட்டு மேஜையில் எறும்பு மொய்க்கும்வரை அப்படியே இருந்தது.

மார்ச் 31, திங்கள்

நான்கே முக்காலுக்குப் புதிய பெயரில் உரிமம் வந்தது, படிக்கட்டையும் குழாயையும் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியாயிற்று. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, நாளைக்குச் சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

ஆடிக் கூட்டத்துக்குப் புதுப் பதிவேடு கோடு போட்டு வைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை. வாரிசுகளின் பெயரெல்லாம் சரியாக ஏறிவிட்டன. வெயிலுமுத்து என்ற பெயரையும் எழுதினேன், இருப்பவர் பகுதியில். அதற்கு நேரே உள்ள கையெழுத்துக் கட்டத்தை இந்த ஆடியில் நான் தொடப் போவதில்லை. காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும்.

சுண்டல் மட்டும் ஒரு பொட்டலம் கூடுதலாகச் சொல்லிவைக்க வேண்டும்.